ஜமால் பாயும் ஒரு மொட்டைக் கடுதாசியும்

ஜமால் பாய் இறந்துவிட்டார் என்ற செய்தி ஆலையின் வாட்ஸப் குழுவில் வந்தபோது நான் பேசின்பிரிட்ஜ் நிலையத்தில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். உடனே நம்பிவிடவில்லை. உயிரோடு இருக்கும் ஒருவருக்கு அந்தக் குழுவில் ஏற்கெனவே ஒருமுறை கண்ணீர் அஞ்சலி போட்டிருக்கிறார்கள். அவரே கீழே வந்து கும்பிடு படம் போட்டு நன்றி சொன்னார். எனவே பாயின் எண்ணுக்கே அடித்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தார். பின்னால் ஓதும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன்.

அதற்குள் குழு நிரம்பிவிட்டது. நிர்வாகத்திலிருந்து, "எங்கள் குடும்பத்தின் தூண் சாய்ந்தது" என்று போட்டிருந்தார்கள். குடும்பத்தின் தூணை யாராவது சாம்பல் மேட்டில் கொண்டுபோய் நட்டுவைப்பார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அதற்குக் கீழே பாய்லர் பிரிவு ஆள் ஒருவர், "அந்த மொட்டக் கடுதாசி எழுதுன கை வெளங்குமா" என்று எழுதியிருந்தார். வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. அவர் யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடும் தனபாலைத்தான். தனபாலும் அந்தக் குழுவில் இருக்கிறார். அவரும் படித்திருப்பார்.

அந்தக் கடுதாசியை எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். சங்க மலருக்குப் பாயைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது நான் சரியென்றதே அதைச் சொல்லத்தான். பாராட்டி நாலு வரி வரும் என்று அவர் எதிர்பார்த்திருப்பார். பாராட்டவும் செய்கிறேன். ஆனால் படிப்பவர்கள் கடைசிவரை படிக்க வேண்டும்.

மலரை வீட்டிலிருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால், நம் ஆலையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பதாகத்தான் என் அம்மா இன்னும் வியாசர்பாடி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். மணலியிலிருந்து எண்ணூர்வரை நம்மைச் சுற்றி இருப்பவர்கள் கச்சா எண்ணெயைக் காய்ச்சி எடுக்கும் இரசாயனங்களை நாம் செடியிலிருந்து எடுக்கிறோம். கரும்புச்சக்கையும் சோளத் தக்கையும் லாரியில் வரும். அமிலமும் நீராவியும் சேர்த்து அவற்றைப் பெரிய கலத்தில் வேகவைப்போம். கோப்புகளில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஆலையில் அதன் பெயர் குக்கர். வெந்ததில் ஒரு பங்கு ஃபர்ஃப்யூரல் என்ற கரைப்பானாகும், வாதுமை வாசனை அடிக்கும். ஒரு பங்கு சர்க்கரையாகி, நுண்ணுயிர்கள் அதைத் தின்று லாக்டிக் அமிலமாக்கும். மக்கும் பிளாஸ்டிக்குக்கு அதுதான் மூலப்பொருள். கறுப்பாக மிஞ்சும் லிக்னின் ஒட்டுப்பலகைப் பசைக்குப் போகும். கடைசிக் கழிவு கொதிகலனில் எரிந்து, அந்த ஆவியே திரும்பக் குக்கருக்கு வரும். ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடுவதால் எங்கே தடுக்கினாலும் எல்லாமே நின்றுவிடும். நிற்கிற நாட்களில் நாம் ஒருவரையொருவர் எப்படிப் பார்ப்போம் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் அந்த ஆலையின் ஆய்வகத்தில் இருப்பவள். பாய் வாசலில் இருந்தவர். வரும் லாரியில் சரக்கு நல்லதா என்று பார்த்து, மாதிரி எடுத்து எனக்கு அனுப்புவதும், சரியில்லையென்றால் திருப்பி அனுப்புவதும் அவர் வேலை. அதற்கு முன்னால் பல வருடம் துறைமுகத்தில் தானியக் கிடங்கில் மூட்டை சோதித்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை வாசலில் நிறுத்தினார். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"போட்டோல கண்ணாடி இல்ல. இப்ப கீது."

"இப்பதான் போட்டேன், சார்."

"கயட்டு, பாப்போம்."

கழற்றினேன். திருப்தியானதும் உள்ளே விட்டார். அன்று முழுக்க எனக்கு எரிச்சல். இப்படி ஒரு ஆள் நம் கூட வேலை செய்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று பிறகு தோன்றியது. ஏனென்றால் நானும் அப்படிப்பட்டவள்தான். கடைக்காரர் எடை போடும்போது நான் தராசைப் பார்க்க மாட்டேன், அவர் விரலைப் பார்ப்பேன்.

பாய் ஆலைத் தண்ணீரைக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார். வானிலை அறிக்கையை நம்பாமல் வெயில் காலத்திலும் குடை வைத்திருப்பார். கேன்டீனில் முட்டை போட்டால் டம்ளர் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பார். அவித்த முட்டையிடம் அந்தச் சோதனை பலிக்காது என்று சொன்னால் கேட்க மாட்டார். லாரி வந்து நின்றால் ஓட்டுநர் மேலேறித் தார்ப்பாயை விலக்கிக் காட்டுவார். பாய் மேலே நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். முனை வளைந்த ஒரு கம்பியை அடியில் செருகி, உள்ளேயிருந்து ஒரு கொத்துச் சக்கையை உருவுவார்.

"மேல கீறது டிரைவர் காட்டுற சரக்கு. அடியில கீறதுதான் நாம வாங்குற சரக்கு" என்பார்.

உருவியதை உள்ளங்கையில் தேய்ப்பார், ஊதுவார், முகர்வார். கடைசியாக ஒரு சிட்டிகையை வாயில் போட்டு மென்று துப்பிவிட்டு, தன் பாட்டில் தண்ணீரில் கொப்பளிப்பார். பிறகுதான் போ என்றோ திரும்பு என்றோ சொல்வார். வேடிக்கை காட்டுகிறார் என்று முதலில் நினைத்தேன். போகப் போக, வேடிக்கைக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது என்று நினைக்கத் தொடங்கினேன்.

எனக்கு அப்படித் தோன்றியதற்குக் காரணம் இருந்தது. நம் ஆலைக்குச் சக்கை அனுப்புகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் வெளியூர்க்காரர். அவர் லாரிகள் திருவொற்றியூர் கடற்கரைச் சாலை வழியாக வரும். இன்னொருவர் வண்ணாரப்பேட்டை, பாயின் தெருவிலேயே வீடு. அவர் லாரிகள் பொன்னேரிப் பக்கமிருந்து மணலி வழியாக வரும். பாய் திருப்பியனுப்பும் லாரிகள் பெரும்பாலும் வெளியூர்க்காரருடையவையாகவே இருந்தன. அதே சக்கையின் மாதிரி என் மேசைக்கு வரும். ஈரம் பார்ப்பேன், அளவோடு இருக்கும். சர்க்கரைச் சத்து சரியாக இருக்கும். எரித்தால் மிஞ்சும் சாம்பல் மட்டும் ஒரு சுற்று கூட இருக்கும். சக்கையில் மண் ஒட்டியிருக்கும், அதனால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் தாளில் குறையில்லாத லாரியை அவர் சீட்டில் "சரக்கு சரியில்லை" என்ற இரண்டு வார்த்தையோடு துரத்திவிடுவார்.

ஒருநாள் நேரில் கேட்டேன். அப்போது நாங்கள் நன்றாகப் பழகிவிட்டோம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"நாக்குல கரிக்குது, தங்கச்சி."

"பாய், ஆய்வகத்துல ஒவ்வொரு கருவிக்கும் வருசா வருசம் சரிபார்த்து சான்றிதழ் வாங்குறோம். உங்க நாக்குக்கு வாங்கியிருக்கீங்களா?"

பக்கத்திலிருந்த தனபால் விழுந்து விழுந்து சிரித்தார். லாரி ஓட்டுநரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சக்கை கரிக்கிறது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை. எழுதினால் இன்னும் நாலு பேர் சிரிப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டு லாரிகளை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அந்த மௌனத்தைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் நோன்பு மாதம் வந்தது. காலையில் வந்த லாரிகளைப் பாய் வாசலிலேயே நிறுத்திவைத்தார். மாலை நோன்பு திறக்கும்வரை எந்த முடிவும் சொல்லவில்லை. உள்ளே குக்கர் தீனியில்லாமல் கிடந்தது. அது நின்றதால் என் நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரை வரவில்லை. அவை இருக்கும் நொதிகலம் பட்டினி கிடந்து கெட்டுப்போக, மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "லேப்ல என்னதான் பண்றீங்க?" என்று கேட்டார். நான் அப்போது ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. பயமும் கோபமுமாக வாசலுக்கு வந்து பார்த்தால், அந்த வண்ணாரப்பேட்டை ஆள் அனுப்பிய பெரிய தூக்கு ஒன்று பாயின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. தூக்கு வந்த பிறகே பாய் எழுந்துபோய் லாரிகளைப் பார்த்தார். வெளியூர்க்காரரின் லாரி திரும்பிப் போனது.

தூக்கில் இருந்தது நோன்புக் கஞ்சி. பாய் வாசலில் இருந்த எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. நன்றாக இருந்தது. குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கடுதாசியை எழுதினேன்.

ஆமாம், நான்தான் எழுதினேன். இந்த எழிலரசிதான். லாரி எண்கள், எடை, திருப்பி அனுப்பிய நாள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, நோன்பைச் சாக்காக வைத்து லாரிகளை நிறுத்துகிறார், தூக்கு வந்த பிறகே தீர்ப்பு சொல்கிறார் என்று எழுதி, தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துப் புகார்ப் பெட்டியில் போட்டேன். கீழே "நலம்விரும்பி" என்று போட்டிருந்தேன். பெயர் போடாததற்குக் காரணம், நிர்வாகத்தையும் நான் நம்பவில்லை. நோன்பு வைத்திருப்பவர் எதையும் வாயில் வைக்க மாட்டார் என்பது வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்திலேயே வளர்ந்த எனக்குத் தெரியாத சங்கதியா? பாய் சக்கையை மென்றுதான் பார்க்கிறார் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. மாலைவரை அவர் காத்திருந்தது தன் நாக்குக்காக. நான் அதைத் தூக்குக்காக என்று படித்தேன்.

பாயை வாசலிலிருந்து எடுத்துச் சாம்பல் மேட்டில் போட்டார்கள். கொதிகலனிலிருந்து வரும் சாம்பலை நனைத்து லாரியில் ஏற்றுவதை அங்கே மேற்பார்வை பார்க்க வேண்டும். கடுதாசியில் இருந்த லாரி எண்ணும் எடையும் எடைமேடை ஆளுக்குத்தானே தெரியும் என்று யாரோ ஆரம்பித்துவைக்க, எல்லோரும் தனபாலைப் பார்த்தார்கள். எடைச் சீட்டின் ஒரு பிரதி மாதிரிப் பையோடு ஆய்வகத்துக்கும் வருகிறது என்பது யாருக்கும் நினைவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

பாயும் தனபாலும் துறைமுகக் காலத்திலிருந்தே தோஸ்துகள். தனபாலுக்குக் கொருக்குப்பேட்டை. தினமும் காலையில் ரயில்வே கேட் அருகே வண்டியோடு நிற்பார், பாய் நடந்துவந்து பின்னால் ஏறிக்கொள்வார். இருவரும் ஆலைவரை சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். தனபால் பெயர் அடிபட்டதற்கு மறுநாள் பாய் பேருந்தில் வந்தார். தனபால் ஒரு வாரம்போல அந்தக் கேட்டில் நின்று பார்த்துவிட்டுத்தான் தாமதமாக வேலைக்கு வந்தார். பிறகு அவரும் நிற்பதை விட்டுவிட்டார். ஆலையில் யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. நானும்தான்.

வாசலில் புதிதாக வந்தவர் எந்த லாரியையும் திருப்பவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் ஒப்பந்தம் புதுப்பித்துக் கொடுத்தார்கள். பல மாதங்கள் கழித்து ஒரு காலையில் குக்கரின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து அமில ஆவி பீய்ச்சியடித்தது. பக்கத்தில் நின்றிருந்த ஆபரேட்டரின் முழங்கை வெந்துபோனது. அவர் அரை அடி தள்ளி நின்றிருந்தால் முகம். குக்கரைத் திறந்து பார்த்தபோது உள்சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். வெளியிலிருந்து வந்த உலோக நிபுணர் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்.

"உங்க சரக்குல உப்பு எங்கேர்ந்து வருது?"

துருப்பிடிக்காத எஃகாகவே இருந்தாலும் அமிலம், சூடு, உப்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் தாங்காது. எங்கள் சோதனைப் பட்டியலில் உப்பு இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஆய்வகத்தில் பழைய மாதிரிகளைப் பையில் அடைத்து வைத்திருப்போம். பாய் திருப்பியனுப்பிய லாரிகளின் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊறவைத்து, வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்யும் சோதனை, உப்பு இருந்தால் வெளுக்கும். முதல் குழாய் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. இரண்டாவதும் வெளுத்தது. வண்ணாரப்பேட்டை ஆளின் பைகளில் லேசாகக் கலங்கியதோடு சரி. அதற்குமேல் செய்ய எனக்குக் கை வரவில்லை, ஐயோ என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பார்த்தேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் நம் சக்கை லாரிகளும் மாட்டிக்கொண்டு நின்றன. ஓட்டுநர்கள் சக்கையின் மேல் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எடையைக் கூட்ட ஊற்றுகிறார்கள் என்றுதான் அப்போதும் சந்தேகப்பட்டேன். ஒரு ஓட்டுநர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"எடைக்கு இல்லம்மா. காத்துல சக்க பறந்து கடை மேல விழுது, சண்டைக்கு வர்றாங்க. குடிக்கவே இங்க கேன் தண்ணிதான். கடல் பக்கத்துலயே இருக்கு, நாலு குடம் மொண்டு ஊத்துவோம். ஆலைக்கு வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

காய்ந்துதான் போகிறது. உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. காய்ந்துவிட்டதால் என் ஈரச் சோதனையில் அது தெரியவில்லை. பாயின் நாக்குக்குத் தெரிந்தது.

சோதனைத் தாள்களை எடுத்துக்கொண்டு நேரே சாம்பல் மேட்டுக்குப் போனேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தகரக் கொட்டகை ஓரம் உட்கார்ந்திருந்தார். ஆலை கொடுத்த முகமூடியை அவர் நம்பவில்லை. தாள்களை வாங்கி வெகுநேரம் பார்த்தார். எண்கள் புரிந்திருக்காது.

"இப்ப இந்தத் தாளு இன்னா சொல்லுது?"

"நீங்க சொன்னது சரின்னு சொல்லுது, பாய்."

"அப்ப நாக்குக்கு சர்ட்டிபிகேட்டு வந்திருச்சு" என்றார். மனதில் வைத்திருந்திருக்கிறார். ஆனால் கோபமில்லை. துண்டை விலக்கிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. நான் நல்லவள் என்பதால் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"ஏன் பாய், உப்புன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே?"

"எயிதி? வாயில போட்டு பாத்தேன்னு எயிதுனா இஞ்சினீருங்கோ சிரிப்பாங்கோ. ஒன் மாதிரி படிச்சவங்க சொன்னா கேப்பாங்கோ. அதான் நீ கண்டுபுடிப்பேன்னு தெனமும் ஒன் லேபுக்கு பைய அனுப்பிகினே இருந்தேன்."

நிர்வாகம் அவரை மறுபடி வாசலுக்குக் கூப்பிட்டது. அவர் வரவில்லை. "அந்தாளு கீற எடத்தாண்ட நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்தாளு என்றால் வாசலை ஒட்டிய எடைமேடையில் இருக்கும் தனபால். நான் வாயைத் திறந்திருந்தால் பாய் அன்றே வாசலுக்குத் திரும்பியிருப்பார். திறக்கவில்லை. அன்றைக்கு ஆலையில் எல்லோரும் என்னைத்தான் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள், பாயின் மானத்தைக் காப்பாற்றியவள் என்று. நிரந்தர ஊழியராக ஆக்குவதாகவும் பேச்சு இருந்தது. கடுதாசி எழுதியதற்காவது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

பாய் சாம்பல் மேட்டிலேயே இருந்தார். இருமல் வந்தது. பீடியால் என்றார்கள், வயது என்றார்கள், ஈரக்காற்று என்றார்கள். சாம்பலால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. எழுதித் தராததாலேயே எனக்குச் சந்தேகம் போகவில்லை. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது, குளுக்கோஸ் பாட்டிலை என் கையில் கொடுத்துக் காலாவதித் தேதியைப் படிக்கச் சொன்னார். நான் படித்த பிறகே நர்ஸை ஏற்றவிட்டார்.

இறந்த அன்று வண்ணாரப்பேட்டை வீட்டில் மாடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். பாயின் மனைவி ரஷீதா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க யாரையும் நம்ப மாட்டாங்க, எயிலு. பால்காரர நம்ப மாட்டாங்க, என் கூடப் பொறந்தவன நம்ப மாட்டாங்க. நான் பூட்டுன கதவ மறுக்கா இயுத்துப் பாப்பாங்க. உன்ன மட்டுந்தான் ஒரு நாளும் ஒரு வார்த்த சொன்னதில்ல. தங்கச்சி டெஸ்ட்டு பண்ணதாலதான் என் பேரு தப்பிச்சுதுன்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லிகினே இருப்பாங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அக்கா, அந்தக் கடுதாசி எழுதினது நான்" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த பெண்கள் ஓதுவதை நிறுத்தினார்கள். கீழே ஜனாஸாவைத் தூக்க ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்த சத்தம் கேட்டது.

"அவங்களாண்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லிருந்தா நாலு திட்டு திட்டிட்டு பழைய எடத்துலயே போய் குந்தியிருப்பாங்க." எழுந்து ஜன்னலுக்குப் போனார். "எனக்கு சொல்லி இன்னா ஆவப்போவுது? தெருக்கோடில தனபால் அண்ணன் காலைலேர்ந்து நிக்கிறாரு. வூட்டுக்குள்ள வரல. போய் அவராண்ட சொல்லு. தூக்கறதுக்குள்ள கூட்டினு வா."

தனபால் டீக்கடை ஓரம் தன் வண்டியில் உட்கார்ந்திருந்தார். நான் போய் நின்றதும், "எடுக்கறாங்களா?" என்றார். அக்கா தோள் கொடுக்கக் கூப்பிடுகிறார் என்றேன். கடுதாசியை எழுதியது நான் என்றும் அதே மூச்சில் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"நான் மூணு சீட்டு அடிக்கிறேன். ஒண்ணு டிரைவருக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒன் லேபுக்கு. நான் எயிதலன்னா மிச்சம் யாரு? இதக் கண்டுபுடிக்க பெரிய படிப்பா படிக்கணும்?"

"அப்ப ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"யாராண்ட சொல்றது? அவன் என்ன கேட்டானா? அத்தினி வருசம் என் வண்டி பின்னால குந்திகினு வந்தவன். நீ எயிதினியாடா தனபாலுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேன். கேக்காமயே பஸ்ஸுல பூட்டான். கேக்கட்டும்னு நானும் வீம்பா இருந்துட்டேன்." வண்டியை விட்டு இறங்கினார். "நீயாச்சும் சொல்லுவேன்னு பாத்தேன்."

வேகமாகத் தெருவில் நடந்தார். வாசலில் நின்ற நம் ஆலை ஆட்கள் அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்கள். மேலே ஜன்னலிலிருந்து ரஷீதா அக்கா, "அண்ணனுக்கு வழி வுடுங்கப்பா" என்று சொன்னார். வழி விட்டார்கள். ஜனாஸாக் கட்டிலின் முன்பக்கத்து வலது காலைப் பிடித்திருந்தவர் விலகிக்கொள்ள, தனபால் தோள் கொடுத்தார். அடக்கம் செய்யும் கபரஸ்தான்வரை அவர் தோள் மாற்றவில்லை என்று பிறகு சொன்னார்கள். நான் தெருக்கோடியிலேயே நின்றுவிட்டேன்.

நம் ஆலை நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். தனபாலோடு சாப்பிட உட்காராதவர்கள் இனிமேல் யாரோடு உட்காரக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளலாம். நிர்வாகத்துக்கும் இதன் ஒரு பிரதியை, இந்த முறை பெயர் போட்டே, கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. நல்லது செய்வார்கள் என்று நான் நம்பவில்லை.

இறந்தவர்களிடமிருந்து நமக்கு மிஞ்சியது என்ன என்று இப்படிப்பட்ட கட்டுரைகளில் கடைசியில் சொல்வார்கள். பாயின் குடை அவர் வீட்டில் இருக்கிறது, கம்பி ஆலையில் இருக்கிறது, நட்பு தனபாலிடம் இருக்கிறது. உலகத்தில் ஒருவரையும் நம்பாத அந்த மனிதர் தன் நம்பிக்கை முழுவதையும் என் ஒருத்தியிடம்தான் வைத்திருந்தார். அது என்னிடம் இருக்கிறது. எனக்குரியது இல்லை என்று திருப்பிக் கொடுக்கலாமென்றால், வாங்கிக்கொள்ள அவர் இல்லை.